நான்கு விரல் அகலம்

எங்கள் முத்துப் பண்ணையின் அளவுகோல் கொளஞ்சி அக்காவின் வலது கை. ஏரியில் முழங்கால் சேற்றில் நின்று சிப்பிகளைத் தடவி எடுப்பார். நான்கு விரல் அகலத்துக்குக் குறைந்ததைத் திரும்ப ஏரிக்குள் வீசிவிடுவார். "அது இன்னும் குட்டி போடல" என்பார்.

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் அப்பா குளம் வெட்டுவதற்கு முன்னால், அக்கா பதினாறு வருடம் முந்திரி உடைத்தவர். ஓட்டு எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து உரிந்திருக்கும். அந்த விரல்களால்தான் சிப்பியை இலேசாகத் திறந்து, உள்ளே சிறு மணியை வைத்து, வலைப்பையில் போட்டுக் குளத்தில் தொங்கவிடுகிறார். முத்து விளைய ஒன்றரை வருடம் ஆகும்.

இந்தத் தை மாதம் பெங்களூரு நகைக்கடை ஒன்று பெரிய ஆர்டர் தரும் என்று தெரிந்தது. "எது கெடச்சாலும் அள்ளிட்டு வா" என்றார் அப்பா. அக்கா மூன்று நாள் மறுத்தார். நான்காம் நாள் அள்ளினார்.

கடைக்கார அம்மா நேரில் வந்தார். தமிழ் தெரியாது. குட்டிச் சிப்பிகளை ஏரியிலேயே விடுகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் அக்காவிடம் தமிழில் கேட்டேன்.

"எப்பவும் விட்டுருவோம். இந்த வருசந்தான் சின்னதையும் அள்ளிட்டோம், பாதி செத்துப்போச்சு. அதையும் சொல்லிரு பாப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். நான் முதல் வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் போனதும் அக்கா சொன்னார்: "உள்ளத சொன்னாலும் கோவிக்கல பாரு. நல்ல பொம்பள."

போன வாரம் கடையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஒவ்வொரு நகையோடும் வைக்கப்போகும் அட்டைகள். அதில் அக்காவின் படம், கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி.

"படி பாப்பா."

வேறு எதையாவது படித்திருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்காது. "கொளஞ்சி ஒரு குட்டிச் சிப்பியைக்கூட ஏரியிலிருந்து எடுத்ததில்லை" என்று படித்தேன்.

"நான் சொன்னத நீ சொல்லலியா?"

"இல்லக்கா."

"நீ சொல்லிட்டன்னு நெனச்சில்ல அந்தம்மா கையப் புடிச்சிகிட்டு நின்னேன்." அட்டையைக் கவிழ்த்து வைத்தார். "கலைமணியும் தனமும் என்கூடத்தான் அள்ளுனாளுவ. இத பாத்தா, 'சாமி வருது, வழி வுடுங்கடி'ம்பாளுவ."

அன்று சாயங்காலம், அப்பாவைக் கேட்காமல், அக்கா சொன்ன பதில் முழுவதையும் கடைக்கு எழுதினேன். அனுப்புவதற்கு முன் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"பாதி செத்ததப் போட்டியா?"

"போட்டுட்டேன்."

கடையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அக்கா வழக்கம்போல வேலைக்கு வருகிறார். ஆனால் என்னை இப்போதெல்லாம் பாப்பா என்று கூப்பிடுவதில்லை.

"ஏங்க, வலப்பை தீந்துபோச்சுங்க" என்கிறார்.