அக்கா தன் கையால் கொடுத்த வீடு

அக்காவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய மகள் கேட்டாள். ஐந்து பக்கம் எழுதி மூன்றைக் கிழித்துவிட்டேன். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் மீதியைப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

அக்கா பிறந்தது கம்பைநல்லூரை ஒட்டிய எங்கள் காட்டு வீட்டில். ஐந்து பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைசி. நல்லம்பள்ளியில் வாழ்க்கைப்பட்டார். பேருந்து நடத்துநராக இருந்த மாமா இளவயதிலேயே மாரடைப்பில் காலமானார். அதன்பின் அக்கா சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து மகளைப் படிக்க வைத்தார். ஓர் அறை வீட்டை மூன்று அறை வீடாக்கினார். மூன்றாவது அறைக்குத் தளம் போட்ட அன்று கலவைச் சட்டி தூக்கியவர்களில் அவரும் ஒருவர். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசமாட்டார், என்னிடம் தவிர. என் மனைவி மறைந்தபின், கணக்கு ஆசிரியராக ஓய்வு பெற்ற நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன்.

நோய் முற்றியதும் ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. வீட்டை விற்றுவிட்டுத்தான் கிளம்புவேன் என்றார் அக்கா. எதற்கு அவசரம், பிறகு பார்க்கலாம் என்றேன்.

"நான் போனப்புறம் வித்தா அது செத்தவ வூடுடா தம்பி. பாதிப் பேரு உள்ளாரயே வரமாட்டான். இப்ப வித்தா அது வூடு. சாவிய என் கையால குடுத்துட்டு வரணும்."

மருத்துவர் அதிக நாள் சொல்லவில்லை. தரகர் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

"அம்மா கட்டில்ல படுத்திருக்கறதப் பாத்தா பார்ட்டி திரும்பிப் போயிடுவாங்க சார். மருந்து வாசனை வேற. ஹாலக் காலி பண்ணி வைங்க."

சுவர்களிலிருந்து இருபத்து மூன்று ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளை வெள்ளை சிமெண்டால் அடைத்தேன். நான்கு சன்னல்களுக்கும் பெயின்ட் அடித்தேன். மாலை போட்ட மாமாவின் படத்தைக் கழற்றினேன்.

"உங்க மாமாவ எங்கடா?"

"பீரோவுலக்கா."

"அந்துருண்டை வாசம் அவுருக்கு ஆவாது. பாத்து வையி."

வீட்டைப் பார்க்க முதல் குடும்பம் வருவதாகச் சொன்ன காலையில் அக்காவை எதிர் வீட்டுக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தேன். கட்டிலை வெளியே தூக்கிச் சுவரில் சாய்த்தேன். கூடத்தைக் காலி செய்து, வீடு முழுவதையும் தண்ணீர் விட்டுக் கழுவினேன். மருந்து வாசனை போகச் சாம்பிராணி போட்டேன். வருபவர்கள் உட்கார, பந்தல்காரரிடம் பன்னிரண்டு நாற்காலிகள் வாங்கி வாசலில் வரிசையாகப் போட்டு, வெயிலுக்குத் தார்ப்பாயும் கட்டினேன்.

என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பால்காரர் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். சத்துணவுக் கூடத்தில் அக்காவோடு வேலை பார்த்த தோழி, கையில் மாலையும் வாயில் ஒப்பாரியுமாகத் தெருமுனையில் திரும்பினார்.

எதிர் வீட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அடியே, இங்க இருக்கறேன்டி! மாலையாச்சும் நல்லதாப் பாத்து வாங்கியாந்தியா?"

தோழி மாலையோடு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. அந்த நேரத்தில்தான் வீடு பார்க்க வந்தவர்களின் கார் வந்தது. யாரும் இறங்கவில்லை. அப்படியே பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"நாஞ் சாவறதுக்கு முன்னயே எழவு வூடாக்கிட்டியே கணக்கு வாத்தியாரே," என்றார் அக்கா. "கட்டில உள்ளாரப் போடு. மாமாவ மாட்டு. ஆளு இருக்கற வூட்ட ஆளோட பாக்கட்டும்."

மறுபடி ஓர் ஆணி அடித்தேன்.

அடுத்து வந்தவர்கள் பென்னாகரம் பக்கத்து இளம் தம்பதியர். அக்கா படுத்தபடியே வீட்டைக் காட்டினார்.

"சமையக்கட்டுல மேக்கால சன்னலத் தொற, பொகை போயிரும். மழைக்கு அந்த மூலை ஒழுவும், சிமெண்டு பூசணும். போர் தண்ணி பாத்தரம் கழுவத்தான். குடிக்க ஒகேனக்கல் கொழாய்த் தண்ணி புடிச்சுக்க. போர் தண்ணியக் குடிச்சா இப்பிடித்தான் ஆவும்." தன் கறைப் பற்களைக் காட்டினார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"ஒடம்புக்கு என்னங்கம்மா?"

"போற ஒடம்பு. ஆனா இங்கிருந்து போவாது, பயப்படாத."

அவர்களே வாங்கினார்கள். பத்திரம் பதிந்த அன்று அக்கா காரில் உட்கார்ந்தபடி சாவியை அந்தப் பெண்ணின் கையில் வைத்து, அவள் விரல்களை மூடிவிட்டார். வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

ஓசூரில், மகளின் மடியில், அதிகத் துன்பமின்றி அக்காவின் உயிர் பிரிந்தது. மாமாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய நல்லம்பள்ளிக்குக் கொண்டுவந்தோம். வண்டி தெருவில் நுழைந்தபோது வீட்டை வாங்கிய பெண் கதவை விரியத் திறந்து வைத்திருந்தாள். குடியேறிச் சில வாரங்களே ஆகியிருந்தன. கூடத்தில் இருந்த சாமான்களை ஒதுக்கி இடம் செய்திருந்தாள்.

"உள்ளாரக் கொண்டாங்கய்யா. அவங்க வூடுதானே."

"வேண்டாம்மா," என்றேன். எதிர் வீட்டு வாசலில்தான் அக்காவைக் கிடத்தினோம்.

"மூணு ரூம்பு கட்டுனவளுக்குப் படுக்க எடம் இல்லயா? அடுத்தவங்க வாசல்ல அனாதையாட்டம் போட்டிருக்கற!" என்று பெரியப்பா மகன் என் சட்டையைப் பிடித்தார். அவர் கோபம் நியாயமானது. சிலருக்கு அந்த மனத்தாங்கல் இன்னும் இருக்கிறது. அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதிவிட்டேன். அழுகையும் அன்று வரவில்லை, இதை எழுதும்போதும் வரவில்லை.

தங்கள் வாசலைத் தந்த எதிர் வீட்டாருக்கும், இரவுபகல் பார்த்துக்கொண்ட மகளுக்கும் மருமகனுக்கும், குழி வெட்டியவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கதவைத் திறந்து வைத்த அந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அடக்கம் முடித்து அந்தத் தெரு வழியாகத்தான் திரும்பினேன். வீட்டில் விளக்கு எரிந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. நின்று எண்ணினேன். நான்கு. பிறகு பேருந்துக்கு நடந்தேன்.