எக்கோவை எடுத்த மதியம்

சூடேறிய ஆம்ப்ளிபயருக்குள் தூசி கருகும் வாசனை ஒன்று உண்டு. அதோடு பந்தலின் பச்சை ஓலை வாசனையும் சேர்ந்தால் கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன். அப்பா லைட்டுக்காரர். பேட்டையில் "மைக்செட்" வைத்திருந்த அண்ணாச்சியோடு ஊர் ஊராகப் போவார். மைக்கும் "கொழாய்" ஸ்பீக்கரும் அண்ணாச்சி பொறுப்பு. ஏணியில் ஏறி சீரியல் பல்பு கட்டுவது அப்பா.

நான் ஐந்தாவது முடித்த வருடம் அம்மா பிறந்த ஊரிலேயே வேலை வந்தது. சேரன்மகாதேவிக்கு அடுத்த ஊர். அம்மாவும் நானும் விருந்தாளிகளாகப் போனோம்.

மைக்செட்டுக்காரர்களுக்கு எந்த ஊரிலும் மூன்று நாளும் சோறு உண்டு. நம்பிக்கை கிடையாது. எது காணாமல் போனாலும் முதலில் அவர்களைத்தான் பார்ப்பார்கள். அந்த முறை காணாமல் போனது அம்மன் முகத்தில் பதிக்கும் வெள்ளிக் கண்மலர். காலையில் கருவறை வாசலுக்கு மேலே லைட் கட்டியவர் அப்பா. மதியக் கொடைக்கு அலங்காரம் செய்யப் போனபோது கண்மலரைக் காணோம்.

"மேல ஏறுனவன் யாருலே?" என்றார் ஒருவர்.

"நம்ம ஊரு மாப்பிள்ளைதாம்வே."

"மாப்பிள்ளைன்னா கை நீளாதோ?"

அம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சாமியிடமே கேட்டுவிடுவோம் என்றார்கள். சாமி ஆளைக் காட்டிவிட்டால் அதன்பிறகு பேச்சு இல்லை. வேப்பமரத்தில் கட்டிவைத்து அடிப்பார்கள்.

சாமியாடி சங்கரன் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குபவர். அவர் ஆடி முடித்ததும் மேளம் நின்றது. மைக்கை வாயருகே பிடித்தார்கள். சாமி பேசும்போது "எக்கோ" வைப்பது அண்ணாச்சியின் வழக்கம். ஒரு குமிழைத் திருகினால் போதும், மனுசக் குரல் மலைக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும்.

"வெளியூர்க்காரன்... உயர ஏறுனவன்... ஏங் கண்ணை எடுத்துட்டாம்லே!"

அந்த "லே" வயல் வரைக்கும் போய்த் திரும்பித் திரும்பி வந்தது. பத்துப் பேர் அப்பாவைப் பார்த்து நடந்தார்கள். அப்பா ஓடவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணாச்சியின் கை குமிழுக்குப் போனதை நான் பார்த்தேன். மைக்கை அவர் அணைக்கவில்லை. எக்கோவை மட்டும் எடுத்தார்.

"பிடிங்கலே அவனை!" என்றது சாமி. ரைஸ்மில் சங்கரனின் கட்டின தொண்டை. அவ்வளவுதான்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவியின் சத்தம் கேட்டது. "வெந்நி குடிங்க, வெந்நி குடிங்கன்னு ரெண்டு நாளா அடிச்சுக்கிடுதேன், கேட்டாத்தான!"

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். நடந்து வந்தவர்கள் பாதியில் நின்றார்கள்.

"ஏன்வே எக்கோவை எடுத்தீரு?" என்று தர்மகர்த்தா அதட்டினார்.

"சாமி சொல்லுதது தெளிவா விழட்டும்னுதான்" என்றார் அண்ணாச்சி.

அப்பாவின் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. சாயங்காலமே சாமானை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவும் நானும் அதே வேனில் ஏறிக்கொண்டோம். ஆற்றுப்பாலம் தாண்டியதும் அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார். "எடுத்தியாலே?"

அப்பா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நீங்களுமா அண்ணாச்சி கேக்கிய?"

எடுக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. அண்ணாச்சியும் மறுபடி கேட்கவில்லை.

அம்மா பிறகு பிறந்த ஊருக்குப் போகவே இல்லை. கண்மலரும் கிடைக்கவில்லை.

இப்போது கொடைகளில் கொழாய் இல்லை. ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள் வந்துவிட்டன. லைட்டைத் தரையிலேயே இரும்புச் சட்டத்தில் மாட்டி மேலே தூக்கிவிடுகிறார்கள். பேட்டைக் கடை மூடிக் கிடக்கிறது. அண்ணாச்சியும் இல்லை, அப்பாவும் இல்லை.

போன மாதம் எங்கள் பழைய வீட்டை இடித்தோம். காலையிலிருந்து ஓடு, பரண், அடுப்படிச் சுவர் என்று ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அம்மா வெயிலில் நின்று ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிழலுக்கு வா என்று நான் கூப்பிடவில்லை. நானும் ஏதாவது மின்னுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.