மாமாவின் முன்பல்

மாமா ஊதியது ஓபோ. நாகஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம். சீவாளியை உதடுகளுக்கு நடுவில், முன்பற்களின் பலத்தில் இறுக்கிப் பிடித்து ஊத வேண்டும். பட்டாளத்து பேண்டில் இருபது வருஷம் ஊதி ஓய்வு பெற்று, மயூர் விஹாரில் எங்கள் வீட்டோடு தங்கி, டெல்லியில் ஒரு சின்ன இசைக்குழுவில் சேர்ந்திருந்தார். அந்தக் குளிர்காலக் கச்சேரியில் முதன்முறையாக அவர் தனியே வாசிக்க நீளமான ஓர் இடம் கிடைத்திருந்தது. எங்கள் காதுகள் ஒரு மாதமாகப் படாத பாடு பட்டன.

கச்சேரியை நடத்த செக் நாட்டிலிருந்து ஒரு தாத்தா வந்திருந்தார். அவரும் இளமையில் ஓபோக்காரராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அவரைச் சாப்பிட அழைத்து வந்தார். வெளியே புகைமூட்டம், நடுப்பகலிலேயே விளக்குப் போட்டிருந்தோம். அம்மா முறுக்குத் தட்டை நீட்ட, தாத்தா தாடையைத் தொட்டுக்காட்டி வேண்டாமென்றார். எனக்கு ஏழு வயது. முன்பற்கள் விழுந்த எனக்குக் கூட்டாளி கிடைத்த குஷி.

“அங்கிள், மாமா டூத் ஆல்ஸோ ஷேக்கிங்!”

“வாய மூடுடி!” என்றாள் அம்மா.

மாமாவின் கை தானாக வாய்க்குப் போயிற்று. தீபாவளியிலிருந்து மறைத்து வைத்திருந்த விஷயம் அது.

தாத்தா சிரித்தபடி மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சுரங்கத் தொழிலாளியின் மகன் அவர். பல் போய் ஊத முடியாமல் போனதும் ஓபோவை வைத்துவிட்டு, குழுவை நடத்தும் குச்சியைக் கையில் எடுத்தாராம். பல் போனதால்தான் உலகம் சுற்றினேன் என்று அவர் சொன்னதை மாமாதான் எங்களுக்குத் தமிழில் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார்.

பிறகு அந்த நீளமான இடத்தை வாசிக்கச் சொன்னார் தாத்தா. மூன்று முறை வாசித்தார் மாமா. மூன்று முறையும் சுரம் பாதியில் உடைந்தது. தாத்தா மாமாவின் தோளில் வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

கச்சேரியன்று கொல்கத்தாவிலிருந்து வந்த யாரோ ஓபோ வாசித்தார். மாமா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்காகத்தான் மேடைக்குப் போகவில்லை என்று நினைத்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தாத்தா குச்சியை உயர்த்தியதும் மாமாவின் காதில் கேட்டேன்.

“அடுத்து உங்களுக்குத்தான அந்தக் குச்சி, மாமா?”

“ஆமாண்டி” என்றார்.

அதை நம்பி, அன்று அந்த அரங்கில் எல்லோரையும்விடப் பலமாக நான்தான் கைதட்டினேன்.