வலி நோட்டில் நான் போட்ட பூஜ்யங்கள்

பம்மலில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சை வழக்கத்தைவிடக் குறைந்த நாட்களில் கொடுத்துப் பார்க்கும் ஓர் ஆராய்ச்சியில் அவரைச் சேர்த்தார்கள். சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே எனக்குச் சந்தேகம். பக்கத்து வீட்டுப் பெண்ணும், "உங்கள வச்சு டெஸ்ட் பண்ணிக்கினு கீறாங்கக்கா, உஷாரா இருந்துக்கோ" என்றாள்.

தினமும் வலிக்கு மதிப்பெண் போட ஒரு நோட்டுக் கொடுத்திருந்தார்கள். வலி என்று எழுதினால் பாதியில் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, எல்லா நாளும் பூஜ்யமே போட்டேன்.

"கஞ்சிகூட எறங்க மாட்டேங்குது. அதை எழுதேன்" என்பார் அவர்.

"எழுதினா ட்ரீட்மென்ட்டை நிறுத்திடுவாங்க. பேசாம இருங்க" என்பேன்.

மூன்றாவது வாரம், தலை அசையாமலிருக்க முகத்தில் மாட்டும் கவசம் தொளதொளவென்று ஆகிவிட்டது. அவ்வளவு இளைத்திருந்தார். கதிர் இடம் மாறி விழும் என்று டெக்னீஷியன் அன்று நிறுத்திவிட்டார். ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் நோட்டைப் புரட்டினார்.

"இவ்ளோ வெயிட் குறைஞ்சிருக்கு, வலியே இல்லையாம்மா?"

அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"நீங்க விலகினாலும் வழக்கமான ட்ரீட்மென்ட் உண்டும்மா. கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கே. இந்த நோட்டைப் பார்த்துதான் பின்னாடி வர்றவங்களுக்கு எத்தனை நாள் கதிர் கொடுக்கலாம்னு முடிவு பண்ணுவாங்க."

அந்தத் தாளை நான் படிக்கவே இல்லை.

மூக்கு வழியாகக் குழாய் வைத்து உணவு கொடுத்தார்கள். புதுக் கவசம் செய்து, மீதி நாட்களின் சிகிச்சையையும் முடித்தார்கள். இப்போது அவர் குழைந்த சோறு சாப்பிடுகிறார்.

சிகிச்சை முடிந்தபின் மாதாமாதம் நிரப்பும் நோட்டில் அவர் சொல்லும் எண்ணைத்தான் எழுதுகிறேன். சந்தேகம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அந்தத் தாளில் புரியாத வரியைக் காட்டி, டாக்டரிடமே கேட்டுவிடுகிறேன்.