தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

சங்கரன்கோவில் ஆட்டுச் சந்தைக்குத் தங்கப்பழம் வந்துவிட்டால் வியாபாரிகளுக்கு ஒரே கொண்டாட்டம். எவனும் சீண்டாத நோஞ்சான் குட்டிகளை அவள் தலையில் கட்டிவிடலாம் அல்லவா! அதே குட்டிகளைத் தேற்றிக் கொழுகொழுவென்று அவள் திரும்ப ஓட்டி வரும்போது விற்றவனே வாயைப் பிளப்பான். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று, ஓலைக் குடிசையை ஓட்டு வீடாக்கியவள். லேசுப்பட்டவளா?

அந்தக் கைராசியைக் கேள்விப்பட்டுத்தான், சுதந்திரம் வந்த மறு வருஷம் துரைப்பாண்டியும் வள்ளித்தாயும் அவள் வாசலில் வந்து நின்றார்கள். இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவர்கள். மூன்றாவது பிள்ளை சுயம்புவுக்கு ஒன்றரை வயசாகியும் நிற்கத் தெம்பில்லை, வாய்விட்டு அழவும் தெம்பில்லை. பிள்ளை தங்க வேண்டுமென்று ராசியான ஆளிடம் தவிட்டுக்கு விற்று, கையோடு திரும்ப வாங்கிக்கொள்வது ஊர் வழக்கம்.

தங்கப்பழம் ஒரு முறம் தவிட்டை வள்ளித்தாயின் மடியில் கொட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கினாள். குட்டியைப் பார்ப்பதுபோலவே வாயைத் திறந்து பார்த்தாள். தொடையைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னட்டி கொடுக்கே இவனுக்கு?"

"தாய்ப்பாலும் கஞ்சித் தெளிவுந்தான்க்கா. வேற கொடுத்தா மாந்தம் வந்துரும்னு இவுக விடமாட்டேங்காவ."

"பறிகொடுத்தவனுக்குத்தான பயம் தெரியும்," என்றான் துரைப்பாண்டி. "பிள்ளையத் தாங்கக்கா, கிளம்புதோம்."

"எந்தப் பிள்ளைய? அதான் வித்தாச்சுல்லா! வாங்கின குட்டியத் தேத்தாம நான் விக்கமாட்டேன் வே. எந்திரிச்சு நிக்கட்டும், அப்புறம் வாரும்."

"ஐயோ, இது சும்மா சாத்திரத்துக்குல்லாக்கா!"

"சாத்திரத்த நான் ஒழுங்காத்தான் செய்யுதேன். நீருதான் பாதியில ஓடப் பாக்கீரு."

வேடிக்கை பார்க்கக் கூடிய தெருவே சிரித்தது. வழக்கத்தை மீறிப் பிடுங்கினால் பிள்ளைக்கு ஆகாதே என்ற பயத்தில் அவன் தனியே வீடு திரும்பினான். பால் கொடுக்க வள்ளித்தாய் அங்கேயே தங்கிக்கொண்டாள்.

தங்கப்பழம் இறங்கிவிட்டாள் களத்தில்! கேப்பைக்கூழ், குழைய வெந்த பாசிப்பயறு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை. குட்டிகள் துள்ளும் முற்றத்திலேயே சுயம்புவை இறக்கிவிட்டு, வேலைக்கிடையே ஓயாமல் அவனோடு பேச்சு. "ஏ ராசா, அந்தக் கருப்பி உன்னப் பாத்துக் கத்துதா பாரு!"

திடீரென்று ஒருநாள் அவனுக்கு வயிற்றால் போயிற்று. வள்ளித்தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "மார விட்டு எடுக்காத, பால் கொடுட்டி," என்று அதட்டினாலும் தங்கப்பழத்துக்கும் உள்ளூரப் பயந்தான். கைராசிக்காரியின் கையிலும் குட்டிகள் செத்திருக்கின்றன. அது அவளுக்கு மட்டுமே தெரியும். ஆனாலும் வீம்புக்காரி விடவில்லை. கொதித்து ஆறிய தண்ணீர், உப்புப் போட்ட கஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். தேறினான். தேறிய மறுநாளே கூழுக்கு வாயைத் திறந்தான் பாருங்கள்!

ஆடி பிறந்த சமயம், துரைப்பாண்டி தெருமுனையில் வரும்போதே பிள்ளையின் அலறல் கேட்டது. ஏதோ ஆகிவிட்டதென்று வேட்டி அவிழ ஓடி வந்தான்.

முற்றத்தில், கவிழ்த்த கோழிக்கூடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலில் நின்றான் சுயம்பு. முகம் சிவக்க, தெருவே அதிரக் கத்தினான்.

"என்னக்கா ஆச்சு? எதுக்கு இப்படி அழுவுதான்?"

"அழுவுதானா? அதட்டுதான் வே! முட்டை வர நேரமாயிட்டாம். வேடிக்கை பாக்காம உரிச்சுக் கொடும்."

துரைப்பாண்டி முட்டையை உரித்தான். பாதி ஓட்டிலேயே பிள்ளை பிடுங்கிக்கொண்டான்.