ரஞ்சிதத்தின் குரல்

ராஜம்மாள் பெரணமல்லூர்ப் பக்கத்திலிருந்து ஆரணிக்குப் பிழைக்க வந்தவள். பெருக்கித் துடைக்கிற கூலி வேலை. 1976-ல் ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் போட்டபோது அவளையும் ஒரு வாரத்துக்குப் பெருக்கக் கூப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் ஜீப் வந்தது. அதில் ஏற்றிவரப்பட்டவர்களில் பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண் ஒருத்தி, இருபது வயதிருக்கும். பயத்தில் அவளுக்குத் தமிழ் மறந்துபோயிருந்தது. தன் பாஷையில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"என்னவாம்?" என்றார் டாக்டர்.

"ஏதோ உளறிகினு கீது சார்," என்றான் அழைத்து வந்தவன்.

கையைப் பிடிக்கச் சொன்னார்கள். ராஜம்மாள் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு மயக்கம் ஏறும்வரை அந்த வாக்கியம் ராஜம்மாளின் முகத்துக்கு நேராக வந்துகொண்டே இருந்தது.

அடுத்த மாதம் வெங்காயம் அரியும்போது அது ராஜம்மாளின் வாயிலிருந்து வந்தது. ஓர் எழுத்து பிசகவில்லை. பிறகு குழாயடியில், சந்தையில், சாமி கும்பிடும்போது. அடக்கினால் நெஞ்சை அடைத்தது. குரலும் அவளுடையதல்ல, இளசான குரல். கணவன் துரை அரண்டுபோய்ப் படவேட்டு அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய் விபூதி பூசினான். நிற்கவில்லை.

ஒருநாள் நெசவாளர் தெருவில் அது வந்தபோது, குப்புராஜ் என்ற சௌராஷ்டிர நெசவாளர் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இது எங்க பாஷை இல்லம்மா. ஆனா பக்கத்துல வருது. கொழந்தையப் பத்தி ஏதோ சொல்ற. பஸ் ஸ்டாண்டுல மணி விக்கிறவங்களக் கேட்டுப் பாரு."

கேட்கப் போனவளின் வாயில் கேள்விக்கு முன்பே அது வந்துவிட்டது. மணி கோத்துக்கொண்டிருந்த பெண்களின் கை அப்படியே நின்றது. காத்தாயி என்பவள் எழுந்து வந்தாள்.

"எங்க ரஞ்சிதத்தோட கொரலு உனக்கு எப்டி வந்துச்சு?"

"முகாம்ல நான்தான் அவ கையப் புடிச்சிகினு இருந்தேன்," என்றாள் ராஜம்மாள். "அதுக்கு அர்த்தம் இன்னா?"

"எனக்கு இன்னும் ஒரு புள்ளகூடப் பொறக்கலன்னு அர்த்தம். அன்னையிலேர்ந்து அவ வாயே தெறக்கல."

சந்தவாசல் பக்கம் அவர்கள் கூடாரம். ரஞ்சிதத்தின் முன்னால் உட்கார்ந்து ராஜம்மாள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். முதல் முறையாக, தன் சொந்தக் குரலில். ரஞ்சிதம் அவள் உதடுகளையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் அவள் வாயை மூடினாள். அதன் பிறகு அது தானாக வரவில்லை. ரஞ்சிதமும் கடைசிவரை பேசவில்லை.

ராஜம்மாள் காத்தாயியிடம் அந்தப் பாஷையைக் கற்க ஆரம்பித்தாள். எழுத்தில்லாத பாஷை, காதால்தான் பிடிக்க வேண்டும். முதலில் கேட்டு வாங்கிய சொல், 'வேண்டாம்'. அவரவர் பாஷையில் சம்மதம் கேட்ட பிறகே கத்தி வைக்க வேண்டும் என்று ஆள் வைத்துக் கலெக்டருக்கு மனு எழுதிப் போட்டாள். பதில் இல்லை.

1981-ல் மறுபடி முகாம், மறுபடி நரிக்குறவப் பெண்கள். பெருக்கப் போனவள் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, அறுவை அறையின் வாசலில் நின்றாள்.

"வழி விடும்மா," என்றார் புது டாக்டர்.

"இவங்க பேச்சு எனக்குத் தெரியுங்க. நான் கேட்டுச் சொல்ற வரைக்கும் தொடாதீங்க."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எரிச்சலோடு உட்கார்ந்தார். ராஜம்மாள் படுத்திருந்தவளிடம் கேட்டாள். அவள் முதலில் அழுதாள், பிறகு சொன்னாள்.

"வேணாங்குதுங்க."

பட்டியலில் அவள் பெயரை அடித்தார்கள். அன்று ஒன்பது பேரில் நான்கு பேர் எழுந்து நடந்து போனார்கள்.

அடுத்த முகாமுக்கு ராஜம்மாளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே போனாள்.