சுனையில் கரைத்த வெல்லம்

1974-ஆம் ஆண்டு பிப்ரவரி 16, சனிக்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்தேன். முகச்சவரம் செய்துகொண்டேன். சைக்கிளுக்குக் காற்றடித்தேன். முதல் நாள் நாட்குறிப்பில் பாதியில் நின்றுபோன வரியை எழுதி முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. சனிக்கிழமை அரை நாள்தான். மதியச் சங்கு ஊதி வெளியே வந்தபோது, வாசலில் என் நண்பர்கள் இருவரும் தோளில் பையோடு நின்றிருந்தார்கள். அன்று இரவு மூவரும் மலையில் கூடாரம் போட்டுத் தங்குவதாக ஏற்பாடு.

தொழிற்சாலைக்கு வருமுன் நான் சில வருடங்கள் ராணுவத்தில் இருந்தவன். கூடாரத்தில் படுத்த கதைகளைக் கேன்டீனில் சொல்லிச் சொல்லி, இவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. ஒருவர் ஃபிட்டர். கடம்பத்தூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் நெல் போடும் குடும்பம், வாய் ஓயாது. இன்னொருவர் எங்கள் திருவள்ளூரிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் கோவில் கைங்கரியம் செய்யும் வீட்டுப் பிள்ளை. வேலைக்கு வந்தது முலாம் பூசும் பிரிவில். அங்குள்ள அமிலம் பட்டுப் பட்டு அவருடைய இரண்டு கைகளும் சிவந்து வெடித்திருந்தன. களிம்பு தடவித் துணி சுற்றிக்கொண்டுதான் தூங்குவார்.

நாங்கள் போக நினைத்தது சத்தியவேட்டைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் குன்றுகளுக்கு. அங்கே கரடி உண்டு. அதனால் ஒன்றரை மாதமாக நான் திட்டம் போட்டேன். வனத்துறையில் அனுமதி வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் இடத்தைப் பார்த்துவிட்டும் வந்தேன். புற்று இருக்கும் சரிவும் இலந்தைப் புதரும் கரடிக்குச் சாப்பாட்டு இடம்; அதை விட்டுத் தள்ளி ஒரு மொட்டைப் பாறையைத் தேர்ந்தெடுத்தேன். அடிவாரத்துக் குடிசைகளில் ஆடு மேய்க்கும் அம்மாள் ஒருத்தி அன்று எனக்குத் தண்ணீர் இருக்கும் இடங்களைக் காட்டினாள். என் வயதுதான் இருக்கும். மலையில் இரண்டு சுனைகள்.

"கீய இருக்கிறது எங்குளுது. மேல கீறது அதுங்குளுது. அது இங்க வராது நைனா, நாங்க அங்க போக மாட்டோம்" என்றாள். 'அதுங்க' என்றது கரடிகளை.

எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி வந்தபோதே அப்படித்தானாம்.

நான் வகுத்த விதிகளைக் கேன்டீனில் வைத்து நண்பர்களிடம் சொன்னேன். மூவரும் சேர்ந்தே நடக்க வேண்டும், பேசிக்கொண்டே நடக்க வேண்டும். சமைக்கும் இடமும் படுக்கும் இடமும் வேறு வேறு. தின்பண்டம் முழுவதும் ஒரே தகர டின்னில் மூடி, தூரத்து மரத்தில் கயிறு கட்டித் தூக்கிவிட வேண்டும். எச்சில் இலைகூட மலையில் தங்கக்கூடாது. கரடியைப் பார்த்தால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது. சாதாரணக் குரலில் பேசி நாம் இருப்பதைத் தெரிவித்து, அது போக வழி விட வேண்டும்.

"சாதாரணமா இன்னா சாரு பேசறது அதாண்ட? ஓவர்டைம் எப்ப குடுப்பாங்கோன்னா?" என்றார் ஃபிட்டர்.

"நீர் பேசினாலே போதும். கரடி ஓடிப் போயிடும், நாங்க தப்பிச்சுப்போம்" என்றார் கோவில் வீட்டு நண்பர்.

பஸ்ஸில் போய், பிறகு நடந்து, வெயில் சாயும் நேரத்தில் பாறைக்குப் போய்ச் சேர்ந்தோம். முதல் வேலையாக எல்லோருடைய பையையும் திறக்கச் சொன்னேன். "தின்பண்டம் எதுவும் பாக்கி இல்லையே?" என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஃபிட்டர் சட்டைப் பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து நீட்டினார். மற்றவர் இல்லை என்றார். டின் மரத்தில் ஏறியது. எனக்கு மிகுந்த திருப்தி.

கோவில் வீட்டு நண்பர் கை கால் கழுவி சந்தியாவந்தனம் பண்ணிவிட்டு வருவதாகக் கீழ்ச் சுனைக்கு இறங்கினார். பாறை மேலிருந்து பார்த்தால் சுனை தெரியும் என்பதால் போகச் சொன்னேன். அவர் கரையில் குனிந்து நின்றதும், இரண்டு கைகளையும் வெகுநேரம் தண்ணீரில் வைத்திருந்ததும் தெரிந்தது. மனசாரக் கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் திரும்பி வந்து, நாங்கள் அடுப்புக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் குடத்தோடு சுனைக்கு வருவதைப் பார்த்தேன். எங்களைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டு, கரையிலிருந்த பெரிய கல்லுக்கு இந்தப் பக்கம் குந்தி, சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றத் தொடங்கினாள். மாசி மாதத்தில் அங்கே குடத்தை முக்க முடியாது. தண்ணீர் அவ்வளவுதான்.

ஃபிட்டர் என் தோளைத் தொட்டார். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர், குரலை இறக்கி, "சாரு, கல்லுக்கு அந்தாண்ட பாரு" என்றார்.

மேல் சுனைப் பாதையில் கரடி இறங்கி வந்துகொண்டிருந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, முகர்ந்துகொண்டே வந்தது. கல்லின் மறுபக்கம் நின்று பாறை விளிம்பை நக்கத் தொடங்கியது. கரடிக்கும் அவளுக்கும் இடையில் அந்த ஒரு கல்தான். சொம்புச் சத்தம் அதற்குக் கேட்கவில்லை. நக்கும் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. அவள் குடத்தைத் தூக்கி நிமிர்ந்தால் இரண்டு முகங்களும் எதிரெதிரே இருக்கும். இந்த வகைக் கரடி திடுக்கிட்டால் முதலில் முகத்தைத்தான் கிழிக்கும்.

விதிப்படி மூவரும் ஒன்றாக நின்றோம். ஃபிட்டர்தான் பேசினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல, ஏற்ற இறக்கமில்லாமல் பேசினார்.

"எம்மா, ஏந்துக்காத. அப்டியே குந்திக்கினு இரு. கல்லுக்கு அந்தாண்ட அது கீது. பயப்படாத, நாங்க பேசிக்கினே இருப்போம். நீ மட்டும் ஏந்துக்காத."

அவள் கையிலிருந்த சொம்பு நின்றது. அவ்வளவுதான்; தலை அசையவில்லை.

மனிதக் குரல் கேட்டால் கரடி போய்விடும் என்பது என் கணக்கு. அது தலையைத் தூக்கிப் பின்னங்காலில் எழுந்து நின்றது. எங்கள் பக்கம் மூக்கை நீட்டியது. மறுபடி இறங்கி நக்க ஆரம்பித்தது. ஏன் போகவில்லை என்று எனக்குப் புரியவில்லை. அப்போது கோவில் வீட்டு நண்பர் என் பக்கத்தில், "நான் வெல்லம் கரைச்சேன் ஸார்" என்றார். சொல்லிக்கொண்டே கீழே இறங்கக் கால் எடுத்து வைத்தார். அவர் மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோவில் குளத்தில் வெல்லம் போட்டால், அது கரைவதுபோல உடம்பில் இருக்கும் கோளாறும் கரையும் என்பது நம்பிக்கை. நானே சிறு வயதில் மருவுக்காகப் போட்டிருக்கிறேன். மலைச் சுனையும் தீர்த்தம்தானே என்று அவர் ஒரு பெரிய கட்டியை மடித்துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். பாதி கரைந்தது. மீதி, கரையில் வைத்த இடத்தில் இளகி வழிந்திருக்கிறது.

ஃபிட்டர் நிறுத்தாமல் பேசினார். நெல் விலை, பஸ் நெரிசல், மைத்துனன் கல்யாணம் எல்லாம் வந்தது. வெல்லம் தீர்ந்த பிறகுதான் கரடி திரும்பி, வந்த வழியே ஏறிப் போனது. புதர் அசைவு நின்றதும் நாங்கள் இறங்கினோம். அவளால் உடனே எழ முடியவில்லை, முட்டி பிடித்துக்கொண்டிருந்தது. எழுந்ததும் கல்லைச் சுற்றிப் போய், ஈரமாக இருந்த விளிம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"வெல்லம். யாரு போட்டது?"

"நான்தாம்மா" என்று நண்பர் கைகளை நீட்டிக் காட்டினார். "இதுக்காகத்தான். எங்க ஊர்க் குளத்துல போடற வழக்கம்."

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். திட்டவில்லை. "உங்க ஊரு கொளத்துல கரடி இல்ல போல" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்குக் காலீல எங்க பொண்ணுங்க தண்ணிக்கு வரும். ருசி கண்டுச்சே, அதுவும் வரும். நான் இன்னா சொல்லட்டும் நைனா அதுங்களுக்கு?" என்று கேட்டாள்.

என் திட்டம் முழுவதும் எங்கள் மூன்று பேருக்கானது. நாங்கள் போன பிறகு அங்கே இருக்கப்போகிறவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

கூடாரத்தைச் சுருட்டி, அவளோடு இறங்கி, குடிசைகளுக்கு அருகில் தங்கினோம். சாப்பிடும்போது நண்பரிடம், "நான் கேட்டேனே, தின்பண்டம் எதுவும் இல்லையான்னு" என்றேன்.

"அது திங்கறதுக்கு இல்லையே ஸார். தீர்த்தத்துல சேர்க்கறதுக்குன்னா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பெருமாளுக்கும் தண்ணீருக்கும் ஆனதை அவர் எந்தக் காலத்திலும் தின்பண்டமாக நினைத்ததில்லை. பையில் என்ன இருக்கிறது என்று கேட்ட நான், அந்த இடத்துக்குப் போனதும் என்ன செய்ய ஆசை என்று ஒருவரையும் கேட்கவில்லை. பிறகு நான் போட்ட எல்லாத் திட்டங்களிலும், அது யாத்திரையானாலும் கல்யாணமானாலும், அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்கிறேன்.

அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் போய்ப் பார்த்தோம். கரடி இன்னும் இரண்டு முறை கீழே வந்து, பாறையை முகர்ந்துவிட்டுப் போனதாக அவள் சொன்னாள். அந்த நாட்களில் பெண்கள் நன்றாக வெளிச்சம் வந்தபின், தகரம் தட்டிக்கொண்டு கூட்டமாகத்தான் தண்ணீருக்குப் போனார்கள். பிறகு அது வருவதை நிறுத்திவிட்டது.

இதற்கெல்லாம் முன்பு, கரடியைப் பார்த்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் செய்தது இதுதான். பெண்களைக் கீழேயே நிறுத்திவிட்டு, வெயில் ஏறியதும் மூவரும் தகரம் தட்டிக்கொண்டு சுனைக்குப் போனோம். இருந்த தண்ணீரையெல்லாம் மொண்டு தூர ஊற்றினோம். பாறையை மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல், வெடித்த கைகளோடு அவரும் தேய்த்தார். புதுத் தண்ணீர் ஊறி ஒரு சொம்பு நிறையும்வரை காத்திருந்து, அந்த அம்மாளைக் கூப்பிட்டுக் குடித்துப் பார்க்கச் சொன்னோம். அவள் வாய் கொப்பளித்துத் துப்பி, மறுபடி குடித்து, தலையசைத்தாள். ஒன்றரை மாதம் திட்டமிட்ட அந்தப் பயணத்தில், திட்டத்தில் இல்லாத அந்த ஒரு வேலையைத்தான் சரியாகச் செய்தோம் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.